குளத்தடியிலை கழட்டி வைச்ச சப்பாத்து

பலெர்மோவிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு மலை எண்டா ஒண்டுதான். சந்தா ரொசலியாவின்ர மலை. ஞாயிற்றுக்கிழமை விடிய வெறுங்காலோடை ஏறுவினம். மேலை குகைக்குள்ளை இருக்கிற அம்மாவுக்கு முன்னாலை நிண்டு வேலை கேப்பினம், விசா கேப்பினம், பிள்ளை கேப்பினம். பிறகு பஸ்ஸிலை இறங்கி வருவினம். நாங்கள் சைவம், அவ கத்தோலிக்கம். இதைப் பற்றி ரெண்டு பக்கத்திலையும் இதுவரைக்கும் ஒரு முறைப்பாடும் இல்லை.

என்ர அத்தான், அதாவது அக்காவின்ர மனிசன், அந்த மலையிலை எத்தினை தரம் ஏறியிருப்பார் எண்டு எனக்குத் தெரியாது. ஒரு தரமும் சப்பாத்தோடை ஏறேல்லை எண்டது மட்டும் தெரியும். இத்தாலியிலை அவர் ஏறின மலையும் அது ஒண்டுதான். வடக்கிலை அல்ப்ஸ் மலைக்குப் போய் நாங்கள் பட்ட பாட்டுக்கு அரைவாசிக் காரணம் இது. மற்ற அரைவாசி நான்.

அத்தான் ஒன்பது வருசம் ஒரு வயசான இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவைப் பாத்தவர். குளிக்க வாக்கிறது, சாப்பாடு தீத்திறது, மருந்து குடுக்கிறது, பின்னேரத்திலை அவவோடை கார்ட்ஸ் விளையாடி வேணுமெண்டு தோக்கிறது, எல்லாம் அவர்தான். சிஞ்ஞோரா செத்துப்போனா. வேலையும் அவவோடை போட்டுது. குவெஸ்தூராவிலை, அதுதான் எங்கடை விசா அலுவல் பாக்கிற பொலிஸ் கந்தோரிலை, வேலை தேடுறதுக்கெண்டு ஒரு வருசத்துக்கு பெர்மெஸ்ஸோ, நாட்டிலை இருக்கிறதுக்கான அனுமதிக் கடதாசி, குடுத்தவங்கள். அந்த வருசம் செப்தெம்பரிலை முடியுது. நான் சொல்லுற கதை யூலையிலை நடக்குது. ஒரு முதலாளி கையெழுத்து வைச்ச வேலைக் கடதாசி இல்லாமல் போனா அடுத்த பெர்மெஸ்ஸோ இல்லை. அக்காவின்ரயும் ரெண்டு பிள்ளையளின்ரயும் கடதாசியும் அத்தான்ர கடதாசியிலைதான் தொங்கிக்கொண்டு நிண்டது.

பலெர்மோவிலை வேலை இல்லாமல் இல்லை. ஒரேத்தோவிலை ஒரு வீடு, கால்சாவிலை ஒரு சாப்பாட்டுக்கடை, எல்லாரும் நாளைக்கே வா எண்டுதான் சொன்னவங்கள். கடதாசி எண்ட உடனை எல்லாருக்கும் காது அடைச்சுப்போகும்.

அப்பதான் செத்த சிஞ்ஞோராவின்ர மகள் ரெலிபோன் எடுத்தா. அவவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வடக்கிலை மலையுச்சிக்குக் கிட்ட ஒரு ரிஃபூஜோ நடத்துறாராம். ரிஃபூஜோ எண்டா மலையிலை நடக்கிற சனம் ஏறிவந்து சாப்பிட்டுப் படுத்திட்டுப் போற மடம். குசினியிலை நிண்டவன் சீசன் நடுவிலை விட்டிட்டு ஓடிட்டானாம். முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் மேலை வரச்சொல்லுங்கோ. ஆளைப் பாத்திட்டுச் சொல்லுறன். கடதாசி ஒழுங்கா எழுதுவன்." அந்த இடத்துக்கு றோட்டு இல்லை. ஒரு குளத்தடியிலை இருந்து ரெண்டரை மணித்தியாலம் காட்டுக்குள்ளாலை ஏறிப் போகோணும்.

என்னை ஏன் அனுப்பினவை எண்டா, அத்தான் கதைக்கிற இத்தாலியனாலை. அவர் பாஷை படிச்சது முழுக்க எண்பத்திச் சொச்சம் வயசு மனிசியிட்டை. அதுவும் அந்தப் பழைய பலெர்மோச் சிசிலியன். ஆறடி ஆம்பிளை, மீசை, வாயைத் திறந்தா ஒரு கிழவி கதைக்கும். "மாத்ரி மீயா, முழங்கால் உளையுது" எண்டு அவர் பஸ்ஸிலை சொல்லேக்கை முன்னுக்கு இருக்கிறவை திரும்பிப் பாப்பினம். வடக்கத்தையானுக்கு அதிலை அரைவாசி விளங்காது. நான் இஞ்சை வளந்தவன், பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டாலும் பாஷை விடேல்லை.

அக்கா போர்கோ வெக்கியோவிலை எங்கடை வீட்டுப் படியிலை நிண்டு சொன்னா: "அங்கை போய் உன்ர வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருப்பியோ?"

"வாய்க்காகத்தானே அக்கா அனுப்புறாய்."

"பகிடி விடுறதுக்கு அனுப்பேல்லை."

"அது சேந்துதான் வரும். தனியா விக்கிறேல்லை."

அக்கா சிரிக்கேல்லை. அந்த ஒரு வருசமா அவ என்ர பகிடி ஒண்டுக்கும் சிரிச்சதில்லை. அதாலை நான் கூடச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

பிளேனிலை வெரோனா, அங்கையிருந்து ரெயின், பிறகு பஸ். வெள்ளிக்கிழமை ராத்திரி அடிவாரத்திலை ஒரு பாருக்கு மேலை இருந்த அறையிலை படுத்தம். சனிக்கிழமை விடிய முதல் பஸ் குளத்தடியிலை கொண்டுபோய் விட்டுது.

குளம் பச்சை. மரத்தின்ர பச்சை இல்லை, கோப்பை கழுவுற சவுக்காரத்தின்ர பச்சை. சுத்திவரக் காடு, ஊசி இலை மரங்கள், அதுக்கு மேலை மொட்டைக் கல்லு மலை, அதின்ர இடுக்கிலை யூலை மாசத்திலையும் கொஞ்சம் பனி. தண்ணி அசையேல்லை. எனக்கு அது படம் மாட்டின மாதிரி இருந்தது. அத்தான் கொஞ்ச நேரம் பாத்திட்டு, "குளிராயிருக்கும்" எண்டு மட்டும் சொன்னார்.

அங்கை நிண்ட சனம் எல்லாத்துக்கும் பெரிய பூட்ஸ், முதுகிலை பை, ரெண்டு கையிலையும் தடி. அத்தான் வேலைக்கு ஆள் பாக்கிறாங்கள் எண்டதுக்காக வெள்ளைச் சேட்டு, கறுப்புக் களிசான், சிஞ்ஞோராவின்ர செத்தவீட்டுக்கு வாங்கின கறுப்புத் தோல் சப்பாத்து. கையிலை முதலாளிக்கெண்டு பலெர்மோவிலை வாங்கின இனிப்புப் பெட்டி, பாதாம் மாவிலை பழம் மாதிரிச் செய்வாங்களே அது, தங்கக் கலர் றிபன் கட்டினது.

"அத்தான், உங்களைப் பாத்தா மாப்பிளைத் தோழன் வழிமாறி வந்த மாதிரி இருக்கு."

"நீ வாயைப் பொத்திக்கொண்டு பலகையைப் பார்."

பாதை தொடங்கிற இடத்திலை அம்பு மாதிரி வெட்டின பலகையள் நிண்டது. ஒவ்வொண்டிலையும் இடத்தின்ர பேர், பாதையின்ர நம்பர், எத்தினை மணித்தியாலம் எண்டு. பலகைக்குப் பக்கத்திலை, தண்ணியிலை இருந்து ரெண்டு எட்டுத் தள்ளி, மரத்திலை செய்த ஒரு சின்னக் கூடு. அதுக்குள்ளை மாதா, ஒரு மெழுகுதிரி, ஆரோ காலமை வைச்ச காட்டுப்பூ. கூட்டுக்குப் பக்கத்திலை ஒரு பெரிய கல்லு. கல்லிலை சிவப்பும் வெள்ளையுமாக் கோடு அடிச்சிருந்தது. அங்காலை அடுத்த கல்லிலையும் அப்பிடியே. அதுக்கங்காலை மரத்திலையும்.

அது பாதை தவறாமல் இருக்க அடிக்கிற அடையாளம். எனக்குத் தெரியும், ரெலிபோனிலை வாசிச்சனான். ஆனா என்ர வாய் சொன்னது வேறை.

"அத்தான், இஞ்சை பாருங்கோ. எங்கடை கோயில் மதில் மாதிரி அடிச்சிருக்கிறாங்கள். மலை முழுக்கக் கோயில்தான் போலை."

நான் சும்மா சொன்னன். அத்தான் கல்லைப் பாத்தார். மாதாவைப் பாத்தார். திரும்பக் கல்லைப் பாத்தார். அவற்ற முகத்திலை, விலாசம் தேடி அலைஞ்சவருக்கு வீடு தெரிஞ்ச மாதிரி ஒரு அமைதி வந்தது. குனிஞ்சு சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

அந்த இடத்திலை நான் மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை. என்ன செய்யிறார் எண்டு பாக்க எனக்கு ஆசையா இருந்தது. அதோடை, வேலை கிடைக்கோணும் எண்டு அவர் நேருறதை நான் ஏன் மறிப்பான் எண்டும் ஒரு நினைப்பு. எது முந்தி வந்தது எண்டு இப்ப சொல்லத் தெரியேல்லை.

சப்பாத்து ரெண்டையும் கூட்டுக்குக் கீழை, நுனி தண்ணியைப் பாக்கிற மாதிரி வடிவாச் சோடி சேத்து வைச்சார். காலுறையை நாலா மடிச்சு உள்ளுக்கு வைச்சார். பிறகு பெல்ட்டையும் உருவினார்.

"அது ஏன்?"

"அதுவும் மாட்டுத்தோல்தானே."

பெல்ட்டைச் சுருட்டிச் சப்பாத்துக்கு மேலை வைச்சார். கண்ணை மூடி நிண்டார். கண்ணைத் திறக்க முதலே களிசான் இறங்கத் தொடங்கிட்டுது. அந்த ஒரு வருசத்திலை அவர் நல்லா மெலிஞ்சு போனவர். நான் இனிப்புப் பெட்டியின்ர தங்கக் கலர் றிபனை அவிழ்த்துக் குடுத்தன். அதைப் பெல்ட் பட்டிக்குள்ளாலை விட்டு முன்னுக்கு முடிச்சுப் போட்டார். முடிச்சு பூ மாதிரி விரிஞ்சு நிண்டது.

"இப்ப மாப்பிளையே நீங்கள்தான்."

"நட."

முதல் ஒரு மணித்தியாலம் காட்டுக்குள்ளை. பாதையிலை ஊசி இலை மெத்தை மாதிரி விழுந்து கிடந்தது, அதிலை நடக்க அத்தானுக்கு ஒரு கரைச்சலும் இருக்கேல்லை. வேர் குறுக்கால ஓடுற இடத்திலை படி ஏறுற மாதிரி ஏறினார். நான்தான் மூச்சு வாங்கினன். பலெர்மோவிலை எங்கடை வீட்டு மூண்டாம் மாடிக்கே நான் இடையிலை நிண்டு ரெலிபோன் பாக்கிறனான்.

மலைப்பாதையிலை ஒரு பழக்கம் இருக்குது, எதிரிலை வாற எல்லாரும் வணக்கம் சொல்லுவினம். முன்னைப்பின்னைத் தெரியாத ஆக்கள். "சால்வே, சால்வே" எண்டு. அத்தானுக்கு இது நல்லாப் பிடிச்சுப் போச்சு. அவர் ஒவ்வொருத்தருக்கும் நிண்டு, நெஞ்சிலை கை வைச்சு, "சபெநெதிக்கா" எண்டார். அது சிசிலியிலை அந்தக் காலத்துச் சனம் பெரியாக்களிட்டை ஆசீர்வாதம் கேக்கிற சொல்லு. வெறுங்கால், வெள்ளைச் சேட்டு, இடுப்பிலை தங்கப் பூ, ஆறடிக் கறுத்த மனிசன் ஆசீர்வாதம் கேட்டா ஆர் என்ன செய்யிறது? ஒரு ஜெர்மன்காரர் தொப்பியைக் கழட்டினார்.

ஒரு மனிசி நிண்டு அவற்ற காலைப் பாத்து, "வெறுங்கால் நடை! நரம்புக்கு நல்லதாம், நான் வாசிச்சனான்" எண்டு சொல்லி, அந்த இடத்திலையே தன்ர பூட்ஸையும் கழட்டிப்போட்டு பத்தடி நடந்தா. பதினோராவது அடியிலை கத்தினா. அத்தான் அவவைக் கல்லிலை இருத்தி, உள்ளங்காலிலை ஏறின முள்ளை நகத்தாலை எடுத்துவிட்டு, "பெத்தா, பெத்தா, ஒண்டுமில்லை" எண்டு கிழவிப் பாஷையிலை தேத்தினார். பெத்தா எண்டா வடிவானவள் எண்டு அர்த்தம். அவவின்ர மனிசன் பக்கத்திலை நிண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். நான் அவருக்கு ஒரு சால்வே சொல்லிப்போட்டு நடந்திட்டன்.

மரம் முடிஞ்ச இடத்திலை கல்லுத் தொடங்கிச்சுது. சின்னச் சின்னதா உடைஞ்ச கூர்க்கல்லு. அத்தான்ர நடை குறைஞ்சுது. இடது குதிக்காலிலை இருந்து ஒவ்வொரு கல்லிலையும் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு. கல்லிலை அடிச்ச சிவப்பு எது, அவற்ற சிவப்பு எது எண்டு ஒரு இடத்திலை எனக்கே குழம்பிச்சுது. அதைச் சொல்லி நக்கலடிச்சன். அவர் அடுத்த கல்லிலை காலை வைச்சார்.

"என்ர சப்பாத்தைப் போடுங்கோ அத்தான்."

"உன்ர அளவு எனக்குப் பெருவிரலுக்குத்தான் காணும்."

அந்த நேரம் கீழை ஹெலிகொப்டர் சத்தம். எட்டிப் பாத்தம். நாங்கள் வெளிக்கிட்ட குளத்துக்கு மேலை, தண்ணியைத் தொடுற மாதிரித் தாழ்த்தி, சுத்திச் சுத்திப் பறந்துது. கரையிலை ஆக்கள் ஓடுறது எறும்பு மாதிரித் தெரிஞ்சுது. ஒரு சின்ன வள்ளமும் இறக்கினவை.

"ஆரோ விழுந்திட்டாங்கள் போலை" எண்டன்.

அத்தான் நிண்டார். கையைக் கூப்பி, "பாவம். ஆர் பெத்த பிள்ளையோ. தப்பி வரட்டும்" எண்டு அந்த ஆளுக்காகக் கும்பிட்டார். நானும் பேருக்கு ஒருக்காக் கும்பிட்டன். பிறகு நடந்தம், மத்தியானத்துக்கு முதல் போகோணுமே.

ரிஃபூஜோ கல்லாலை கட்டின வீடு, சிவப்பு யன்னல் கதவு. நாங்கள் போகேக்கை பதினொண்டரை. வெளியிலை வாங்கு மேசையிலை சனம் இருந்தது, ஆனா ஒருத்தருக்கும் முன்னாலை சாப்பாடு இல்லை. உள்ளுக்கு ஒரு பெட்டை தனியாக் கல்லாவிலை நிண்டு தடுமாறிக்கொண்டு நிண்டுது. முதலாளியைப் பாக்க வந்தனாங்கள் எண்டு சொன்னன்.

"அவர் கீழை போயிட்டார். மீட்புப் படையிலை அவரும் ஒரு ஆள். குளத்திலை ஆரோ விழுந்து செத்திட்டாங்களாம்."

"ஐயோ. ஆள் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை, தேடுறாங்கள். கரையிலை சப்பாத்து மட்டும் கிடந்ததாம். சோடியா, ஒழுங்கா வைச்சிருக்கு. காலுறையும் மடிச்சு வைச்சிருக்காம். தானா விழுந்த ஆள்தான் அப்பிடி வைப்பாங்கள்."

நான் மெதுவாக் கேட்டன்.

"கறுப்புச் சப்பாத்தோ?"

"ஓம்."

"மேலை பெல்ட்டோ?"

பெட்டை தலையை நிமித்திச்சுது. அது என்ர தோளுக்கு அங்காலை பாத்தது. முதல் அத்தான்ர இடுப்பை. பிறகு காலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த மாதிரியே நிண்டும் போச்சு, ஏனெண்டா அத்தானுக்கு அந்தளவு இத்தாலியன் விளங்கும். அவர் அப்பிடியே வாசல்படியிலை இருந்திட்டார். பெட்டை வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தத் தொடங்கிச்சுது.

முதலாளி ஏறி வர ஒண்டேகால் மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்துக்குள்ளை நான் அத்தானுக்குப் பகிடி பகிடியாச் சொல்லிப் பாத்தன். "உங்களை உயிரோடை இருக்கேக்கையே தேடினவங்கள், எத்தினை பேருக்கு உந்தக் குடுப்பினை?" எண்டு. அத்தான் காலிலை ஒட்டின கல்லுத்தூளைத் தட்டிக்கொண்டு இருந்தார். ஒருக்கா மட்டும், தன்ரபாட்டிலை, "அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது" எண்டார். அவர் எனக்கு முன்னாலை அவவை அக்கா எண்டுதான் சொல்லுவார். அதுக்குப் பிறகு நானும் வாயை மூடிட்டன்.

முதலாளி பெரிய ஆள், செம்பட்டைத் தாடி, சேட்டு முழுக்க வேர்வை. அத்தான்ர சப்பாத்து ரெண்டையும் நாடாவிலை முடிஞ்சு கழுத்திலை தொங்க விட்டிருந்தார். பெல்ட் கையிலை. வந்து மேசையிலை ஒண்டொண்டா வைச்சார். கத்துவார் எண்டு நினைச்சன். கத்தேல்லை. அத்தானைப் பாத்தார், என்னைப் பாத்தார், என்னோடைதான் கதைச்சார்.

"ரெண்டு கோடைக்கு முதல் இதே குளத்திலை ஒரு ஆளை நான் தூக்கினனான். அவரும் சப்பாத்தை இப்பிடித்தான் வைச்சிருந்தார். இண்டைக்குச் சப்பாத்தைக் கண்ட உடனை எனக்கு அந்த முகம்தான் வந்தது. ஒரு பெடியன் பச்சைத் தண்ணிக்குள்ளை முக்கால் மணித்தியாலம் நிண்டவன், இல்லாத ஆளைத் தேடி." சேட்டுக் கையாலை வேர்வையைத் துடைச்சார். "இவரை வைச்சிருக்கேலாது. ஒவ்வொரு நாளும் என்ன செய்வாரோ எண்டு நான் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நீ வேணுமெண்டா நில். நீ கதைக்கிறாய், இளம் ஆள். இண்டைக்கே தொடங்கலாம்."

அத்தான் கேட்டார்: "என்னவாம்?"

அப்ப எனக்கும் வேலை இல்லை. ரெண்டு கிழமைக்கு முதல்தான் ஒரு பாரிலை என்னை வீட்டை போகச் சொன்னவங்கள். இஞ்சை சாப்பாடு, படுக்க இடம், யன்னலாலை பாத்தா மலை. என்னட்டை இத்தாலியன் பாஸ்போர்ட், எந்தக் கடதாசிக்கும் நான் ஆரையும் கெஞ்சத் தேவையில்லை. இதையெல்லாம் நான் யோசிக்கேல்லை எண்டு சொன்னா பொய். ஒரு சப்பாத்து நாடா கட்டுற அளவு நேரம் யோசிச்சன்.

பிறகு முதலாளியிட்டைச் சொன்னன்: "என்னை எடுக்காதேங்கோ. பள்ளிக்கூடத்தாலை கலைச்சவங்கள். பிற்சாக் கடையிலை கலைச்சவங்கள், பாரிலை கலைச்சவங்கள். பதினொரு மணிக்கு முதல் எழும்ப மாட்டன். சாப்பிட வந்தவையைப் பாத்துச் சிரிப்பன்."

"பகிடி விடுறியோ?"

"இல்லை. ஆரையும் கேட்டுப் பாருங்கோ. உந்தச் சப்பாத்தும் என்னாலைதான். எங்கடை கோயில் மதிலுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக் கோடு அடிக்கிறது. நீங்கள் கல்லிலை அடிச்சிருக்கிறதும் அதுதான். பக்கத்திலை மாதா வேறை. நான் நக்கலுக்கு, இந்த மலை முழுக்கக் கோயில் எண்டு சொன்னன். இவர் நம்பிட்டார். எங்கடை ஆக்கள் கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போகாயினம். வாசலிலை கழட்டித்தான் வைப்பினம், தோல் எண்டா பெல்ட்டையும். நீங்கள் கண்டது செத்த ஆளின்ர சப்பாத்து இல்லை. உள்ளுக்குப் போன ஆளின்ர சப்பாத்து."

முதலாளி தாடியைச் சொறிஞ்சார். அத்தான்ர காலைப் பாத்தார், ரத்தம் காய்ஞ்சு படியிலை ஒட்டிப் போயிருந்தது.

"இந்தக் கல்லுக்குப் பெயின்ற் அடிக்கிறது நான்தான்" எண்டார். "ஒவ்வொரு யூனிலையும். அப்பாவுக்குப் பிறகு நான்."

பிறகு குசினிப் பக்கம் திரும்பிப் பாத்தார்.

"வேலை இல்லையெண்டு சொன்னதுதான். ஆனா கீழை நிண்ட பெடியள் எல்லாம் பசியிலை ஏறி வாறாங்கள். குசினியிலை ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு மட்டும் வந்து கோப்பை கழுவட்டும், அதுக்குப் பிறகு போகட்டும். அதுதான் ஞாயம்."

"என்னவாமடா?" எண்டு அத்தான் திரும்பவும் கேட்டார். இந்தமுறை எழும்பி நிண்டு கேட்டார்.

"காலைக் கழுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினிக்கு வரட்டாம்."

"வேலை தாறாராமோ?"

"குசினியைப் பாக்கட்டாம் அத்தான்."

அத்தான் றிபனை அவிழ்த்து மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார், பெல்ட்டைக் கட்டினார், சேட்டுக் கையை முழங்கைக்கு மேலை சுருட்டினார். கோப்பை கழுவ மட்டும் கூப்பிட்ட ஆள் அப்பிடிப் போக மாட்டான். தன்ர குசினிக்குப் போற மாதிரித்தான் போனார்.

நான் கதவிலை சாஞ்சு நிண்டு பாத்தன். எனக்கு வேறை வேலை இல்லை. முதல் தண்ணியைக் கொதிக்க வைச்சார். பிறகு அடுக்கிக் கிடந்த கோப்பை எல்லாத்தையும் கழுவினார். பெட்டை ஒரு பெரிய சட்டியிலை பிசைஞ்சு வைச்ச பாணையும் பாலையும் வைச்சுக்கொண்டு அழுவாரைப் போலை நிண்டுது. அந்தப் பக்கத்து ஆக்கள் பழைய பாணைப் பிசைஞ்சு உருண்டையாப் பிடிச்சு அவிப்பினம். அத்தான் அதைப் பாத்தார். ஒண்டும் கேக்கேல்லை. கையை நனைச்சுக்கொண்டு கொழுக்கட்டைக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கத் தொடங்கினார். பெட்டை ஒண்டு பிடிக்கிறதுக்குள்ளை அவர் நாலு. எல்லாம் ஒரே அளவு. அக்கா கூட அவரைப் பிடிக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருப்பா.

மீட்புப் படை ஆக்கள் வந்தினம், ஒன்பது பேர், பூட்ஸ் முழுக்கச் சேறு. அத்தான் வெளியிலை வந்து ஒவ்வொருத்தருக்கும் முன்னாலை நிண்டு, கையைக் கூப்பி, தனித்தனியா மன்னிப்புக் கேட்டார். சிசிலியனிலை. முதல் ஆள் முறைச்சான். மூண்டாவது ஆள் சிரிச்சிட்டான். தண்ணிக்குள்ளை நிண்ட பெடியன் கம்பளி சுத்திக்கொண்டு கடைசியா இருந்தான், இன்னும் பல்லு அடிச்சுக்கொண்டு இருந்தது. அத்தான் உள்ளுக்குப் போய் ஒரு கோப்பை சுடச்சுடச் சூப்போடை வந்தார். அதைக் கையிலை குடுத்திட்டு, கீழை குந்தி இருந்து, அவன்ர பூட்ஸைக் கழட்டி, ஈரக் காலுறையை உருவி, ரெண்டு காலையும் துவாயாலை சுத்தித் தேய்க்கத் தொடங்கினார். சிஞ்ஞோராவுக்கு மாரிகாலத்திலை செய்யிற மாதிரி. பெடியன் காலை இழுக்கப் பாத்தான். "மாஞ்சா, பெத்து, மாஞ்சா" எண்டார் அத்தான், சாப்பிடு ராசா எண்ட மாதிரி. மேசையிலை இருந்த எல்லாரும் சிரிச்சினம். பெடியன் சாப்பிட்டான்.

முதலாளி கல்லாவிலை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தார். சாப்பிட வந்தவை எல்லாம் போய் முடிய நாலு மணியாச்சு. அத்தான் அடுப்பைத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு, ராத்திரிக்கு எத்தினை பேர் எண்டு பெட்டையிட்டைக் கேட்டு, வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். முதலாளி என்னை விறகு அடுக்கின பக்கமாக் கூட்டிக்கொண்டு போனார்.

"வேலை இல்லையெண்டு நான் சொன்னதை நீ அவருக்குச் சொன்னியோ?"

"இத்தாலியனிலை எனக்கு நல்லா விளங்கினது. தமிழிலை சொல்ல வாய் வரேல்லை."

அவர் சிரிக்கேல்லை. ஒரு விறகுக்கட்டையை எடுத்து அடுக்கிலை வைச்சார். பிறகு, "ஒக்தோபரிலை பூட்டுவன். டிசெம்பரிலை பனிக்குத் திரும்பத் திறப்பன். அவருக்கு ரெண்டுக்கும் சேத்து எழுதலாம். எத்தினை நாளைக்குத் தாங்குவார் எண்டு நினைக்கிறாய்?" எண்டார்.

"ஒரு கிழவியோடை ஒன்பது வருசம்."

"கிழவி என்ன மாதிரி?"

"சரியான கரைச்சல்."

முதலாளி தலையை ஆட்டிப்போட்டு உள்ளுக்குப் போய் ஒரு கட்டுக் கடதாசியோடை வந்து குசினி மேசையிலை இருந்தார். அத்தான் சேட்டுப் பொக்கற்றிலை இருந்து பெர்மெஸ்ஸோவை எடுத்தார். பிளாஸ்ரிக் உறைக்குள்ளை போட்டு வைச்சிருந்தவர். கையை மூண்டு தரம் துடைச்சுப்போட்டுத்தான் குடுத்தார். முதலாளி பேரைப் பாத்து எழுதத் தொடங்கினார். அந்தப் பேர் பெட்டிக்குள்ளை அடங்கேல்லை. நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்ல, அவர் கோட்டைத் தாண்டி, ஓரத்தாலை வளைச்சு, மற்றப் பக்கம் வரைக்கும் எழுதினார். எழுதி முடிச்சுத் திரும்பவும் ஒருக்கா எண்ணிப் பாத்தார்.

அத்தான் குனிஞ்சு மெதுவாக் கையெழுத்து வைச்சார். வெங்காயம் உரிச்ச ஆளெண்டபடியால் கண்ணைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது.

ரெலிபோனுக்கு அந்த விறகுக் குவியலடியிலை மட்டும்தான் சிக்னல். நான்தான் அக்காவுக்கு எடுத்தன்.

"அக்கா, கிடைச்சிட்டுது."

"விசர்க்கதை கதைக்காதை. அவரிட்டைக் குடு."

"உண்மையா அக்கா, கையெழுத்தும் வைச்சாச்சு."

"உன்னை நான் நம்பமாட்டன். அவரிட்டைக் குடு எண்டு சொன்னனான்."

குடுத்தன். அத்தான் ரெலிபோனை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, "ஓம்" எண்டார். ஸ்பீக்கரிலை போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது, பின்னுக்குப் பிள்ளையள் சண்டை பிடிக்கிற சத்தம் மட்டும்.

பிறகு அக்கா, "சாப்பிட்டியளோ?" எண்டு கேட்டா.

"இல்லை, இனித்தான்" எண்டார் அத்தான். "ராத்திரிக்கு நாப்பது பேர் வருகினமாம். முதல் அவைக்குக் குடுக்கோணும்."